லிஃப்ட் இல்லாத பள்ளிக்கூடம்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் ஓரகத்தி எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்டால் "ம்" என்பீர்கள். அத்தான் போனதிலிருந்து போனில் அந்த "ம்" ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் இனிமேல் போன் கிடையாது, கடிதம்தான். யாரும் தபால்தலை ஒட்டி "ம்" அனுப்ப மாட்டார்கள் என்ற தைரியம்.

எனக்கு ஒரு உதவி வேண்டும். உங்கள் கொழுந்தனார் இப்போது கட்டுகிற பாலம் அடுத்த வருஷம் முடிந்துவிடும். அதற்கு அடுத்த பாலம் உங்கள் ஊர் ஆற்றின் மேல்தான் என்று கம்பெனியில் பேச்சு அடிபடுகிறது. எங்கள் குட்டி மிளகுக்கு மூன்றரை வயது ஆகிவிட்டது. ஐந்து வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமென்றால் இப்போதே பெயர் பதிந்து வைக்க வேண்டுமாம். அதுவும் இன்டர்நேஷனல் பள்ளிக்கூடமாக இருந்தால் நல்லது. நாங்கள் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டி கட்டுகிற ஆட்கள். ஒவ்வொரு நாட்டிலும் ஆனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பித்தால் பிள்ளை எங்கே கால் ஊன்றும்? இந்த மாதிரிப் பள்ளிக்கூடம் என்றால் விட்ட இடத்திலிருந்து அடுத்த நாட்டில் தொடரலாம்.

அத்தான் இருந்திருந்தால் அவரைக் கேட்டிருப்பேன். லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவருக்கு ஊரில் ஏறாத கட்டடம் ஏது? இப்போது எனக்கு அங்கே கண்ணும் காலும் நீங்கள்தான். போய்ப் பார்த்து எழுதுங்கள். நேரில் பார்க்காமல் எழுதினால் கண்டுபிடித்துவிடுவேன்.

உங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்தபடி,
தங்கை

*

பிப்ரவரி 27

தங்கச்சிக்கு அக்கா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. கொழுந்தனாரும் நீயும் குழந்தையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

உனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா? நான் ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். என்னைப் போய் இன்டர்நேஷனல் பள்ளிக்கூடம் பார்க்கச் சொல்கிறாய். அங்கே என்ன கேட்பது, எந்தப் பாஷையில் கேட்பது? மூக்கு சிந்தத் தெரியாத பிள்ளைக்கு ஒன்றரை வருஷம் முன்னாலேயே இடம் பிடிக்கிற ஊரா இது? சினிமாக் கொட்டகையில் துண்டு போடுகிற மாதிரி இருக்கிறது.

நான் இப்போது கீழே இறங்குவதில்லை. அட்டையில் பட்டன் தைத்துக் கொடுக்கிற வேலைதான் பார்க்கிறேன். அட்டைக்கு ஆறு பட்டன். பட்டன்காரர் மூன்றாவது மாடி வரைக்கும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போகிறார். காய்கறியை எதிர் வீட்டு நர்ஸ் வாங்கிவந்து கதவில் மாட்டிவிடுகிறாள். ஆக, இறங்க ஒரு அவசியமும் இல்லை. உங்கள் அத்தானுடைய டூல்ஸ் பெட்டி கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெளியே போகவேண்டுமென்றால் அதை நகர்த்த வேண்டும். நகர்த்த மனசு வரவில்லை, இருக்கட்டும்.

கேட்டுவிட்டாயே என்று பட்டன்காரரிடம் விசாரித்தேன். இந்த ஊரில் அந்த மாதிரி மூன்று பள்ளிக்கூடம் இருக்கிறதாம். அவ்வளவுதான் தெரியும். போன தடவை வீடு மாறினபோது குளியலறைச் சுவரில் ஈரம் ஊறுகிறது என்று எனக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் அழுதவள் நீ. அந்த ஈரமும் குளிரும் இப்போது எப்படி இருக்கிறது? பிள்ளைக்கு மார்ச்சளி வராமல் பார்த்துக்கொள்.

அக்கா

*

மார்ச் 11

அக்கா,

நலம், நலம், நலம். மூன்று பேருக்கும் சேர்த்து எழுதிவிட்டேன். சுவர் ஈரம் அப்படியேதான் இருக்கிறது, அதோடு பழகிவிட்டேன்.

ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்களே. அதை நான் மிளகுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் தலையும் வாலும் புரியவில்லை, ஆனால் தன் மூக்கைப் பற்றிச் சொன்னது மட்டும் புரிந்துவிட்டது. "பெரியம்மாகிட்ட சொல்லு, எனக்கு சிந்தத் தெரியும்" என்று சிந்திக் காட்டினாள். என் புடவைதான் போனது. இத்தோடு அவள் வரைந்த படம் வைத்திருக்கிறேன். நடுவில் இருக்கிற பெரிய வட்டம் நீங்கள். சின்ன வட்டம் பள்ளிக்கூடம்.

உள்ளே போகவேண்டாம். மூன்றில் எது பக்கத்தில் இருக்கிறதோ அதன் கேட்டை மட்டும் வெளியே நின்று பாருங்கள். பள்ளி விடுகிற நேரத்தில் போங்கள். பிள்ளைகள் வெளியே வருகிற முகத்தைப் பார்த்தால் போதும். முகம் பார்க்கப் பாஷை வேண்டாம்.

பெட்டியை நகர்த்தவேண்டாம் அக்கா. சுற்றிக்கொண்டு போக இடம் இருக்கிறதா பாருங்கள்.

அன்புடன்,
தங்கையும், மூக்கு சிந்தியவளும்

*

மார்ச் 30

அன்புத் தங்கைக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். கால்தான் வலிக்கிறது. இது நடந்த வலி, நல்ல வலி. அங்கே எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?

போனேன். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒருச்சாய்த்து நுழைந்தால் போக முடிகிறது. நர்ஸ் கதவைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள். "இன்டர்நேஷனல் ஸ்கூலுக்கு" என்றேன். அவளுக்கு வாயடைத்துப் போய்விட்டது. அதைப் பார்க்கவாவது இறங்கலாம்.

கேட் பெரிசு. உள்ளே வரிசையாகக் கொடிகள். வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகள் கலர் கலராக வருவார்கள் என்று காத்திருந்தேன். மணி அடித்ததும் வந்ததெல்லாம் நம்ம வங்கிக்காரர் மகன், மருந்துக்கடைக்காரர் பேத்தி, மூலை வீட்டு வக்கீலின் இரட்டைப் பிள்ளைகள். வாட்ச்மேனிடம் கேட்டேன், "ஏங்க, வெளிநாட்டுப் பிள்ளைங்கள்லாம் வேற கேட்டுல போவாங்களா?"

"கொடிதாம்மா வெளிநாடு. பிள்ளைங்க எல்லாம் இந்த நாலு தெருதான்."

"அப்ப எதுக்கு இன்டர்நேஷனல்னு போர்டு?"

"போர்டு எழுதறவன்கிட்டதான் கேக்கணும். அவனும் இந்தத் தெருதான்."

எத்தனையோ நாள் கழித்து சிரித்தேன். அவரும் சிரித்தார். அதற்குள் ஒரு அம்மா காரிலிருந்து இறங்கி என் கையில் ஒரு தண்ணி பாட்டிலைக் கொடுத்து, "மூணாம் வகுப்பு, சீக்கிரம் கொண்டு போய்க் குடு" என்றாள். என்னை ஆயா என்று நினைத்துவிட்டாள். நானும் கொண்டு போய்க் கொடுத்தேன். அதனால் ஓசியில் உள்ளேயும் பார்த்தாயிற்று. வகுப்பில் பிள்ளைகள் மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. மிளகு அங்கே ஒரு மணி நேரம் தாங்காது. பள்ளிக்கூடம் தாங்காது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆக, கொடிப் பள்ளிக்கூடம் வேண்டாம். இன்னும் இரண்டு இருக்கிறது, நானே போகிறேன். அங்கெல்லாம் என்ன கேட்கவேண்டும் என்று எழுது. நீங்கள் எந்த மாசம் வருவீர்கள் என்றும் எழுது, ஆபீசில் கேட்பார்களாம்.

படத்தைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். வட்டத்துக்கு ஏன் ஆறு கை என்று அவளைக் கேட்டுச் சொல்.

பெரியம்மா

*

ஏப்ரல் 24

தங்கச்சி,

உன் பதில் வருவதற்குள் எழுதுகிறேன், பொறுக்கவில்லை. சுகம் விசாரிப்பதையெல்லாம் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டது. இரண்டாவது பள்ளிக்கூடம்தான். பெயர் பதிந்தாயிற்று.

நடந்ததைச் சொல்கிறேன். அது ஐந்து மாடிக் கட்டடம். சுற்றிக் காட்ட ஒரு பொண்ணு வந்தாள், கழுத்தில் அட்டை, வாயில் தேன். "நீங்க குழந்தையோட..?" என்று இழுத்தாள். "பெரியம்மா" என்றேன். அந்த வார்த்தையைச் சொன்னபோது எனக்கே முதுகு நிமிர்ந்தது. அவள் லிஃப்டில் கூட்டிப்போனாள். அவர் போனபிறகு நான் லிஃப்டில் ஏறியதே இல்லை. ஏறினேன். உள்ளே கண்ணாடிக்குக் கீழே, எப்போது சரிபார்த்தார்கள் என்று எழுதுகிற அட்டை மாட்டியிருந்தது. அதில் உங்கள் அத்தான் கையெழுத்து. ஒரே எழுத்து போட்டு அடியில் ஒரு கோடு இழுப்பாரே, அதே கோடு. ஒன்றுக்குக் கீழே ஒன்றாக ஐந்தாறு இருந்தது. அதற்குப் பிறகு வேறு யாரோ ஒருத்தருடைய கையெழுத்து.

லிஃப்ட் நின்றது. வயிறு குலுங்கவே இல்லை. அவர் பார்த்த லிஃப்ட் குலுங்காது. "மேல வகுப்பைப் பாக்கலாமா?" என்று அந்தப் பொண்ணு வெளியே போய்விட்டாள். நான் பட்டனை அமுக்கிக் கீழே வந்தேன். திரும்ப மேலே போனேன். அவள் ஒவ்வொரு தளத்திலும் என்னைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். "கதவு மூடிடுச்சும்மா" என்று சொல்லிச் சமாளித்தேன்.

மிளகு தினமும் அதில் ஏறி இறங்கட்டும். அவளுக்கு அந்தப் பெயர் வைத்தவர் சரிபார்த்த லிஃப்ட். இதைவிட என்ன வேண்டும்? நான் தினமும் கொண்டுவந்து விடுகிறேன், கூட்டிப்போகிறேன். உனக்கு ஒரு கவலையும் வேண்டாம்.

எல்லோரும் சுகம்தானே? எந்த மாசம் என்று போன தடவையே கேட்டேன்.

அக்கா

*

மே 9

அன்பு அக்கா,

நாங்கள் நலம். உங்கள் கடிதத்தை நான் சமையலறையில் நின்றபடியே வாசித்தேன். இவர் வந்து வாங்கி வாசித்துவிட்டு, அண்ணன் கையெழுத்து என்ற இடத்தில் வெளியே போய்விட்டார். வெகுநேரம் கழித்து வந்தார். "அண்ணி லிஃப்டுல ஏறிட்டாங்களா" என்று மட்டும் கேட்டார்.

பெரியப்பா லிஃப்டில் எந்தப் பட்டனை அமுக்கவேண்டும் என்று மிளகு இப்போதே பழகிக்கொண்டிருக்கிறாள். அலமாரிக் கைப்பிடிதான் பட்டன். ஆறு கை எதற்கு என்று கேட்டேன். பட்டன் தைக்கிறீர்களாம், ஒரு அட்டைக்கு ஆறு என்று நீங்கள்தான் எழுதினீர்களாம்.

ஒன்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? அங்கே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் அக்கா? விளையாட இடம் இருக்கிறதா? டீச்சர்கள் நிலைத்து இருக்கிறார்களா, வருஷத்துக்கு வருஷம் மாறுகிறார்களா? எந்த வகுப்பு வரைக்கும் இருக்கிறது? நடுவில் நாங்கள் பெட்டி கட்டவேண்டி வந்தால் அவர்கள் கொடுக்கிற சான்றிதழை அடுத்த நாட்டில் ஏற்றுக்கொள்வார்களா? அந்த ஊரிலும் வேறு பேச்சுதானே, நம் பாஷை மறந்துபோகாமல் இருக்க ஏதாவது வழி உண்டா? உங்கள் கடிதத்தில் லிஃப்டைத் தவிர ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை போய் வாருங்கள். இந்தத் தடவை மாடிப்படியில் ஏறுங்கள்.

வெயில் வந்துவிட்டதாமே. குடை எடுத்துப் போங்கள்.

தங்கை

*

ஜூன் 14

அன்புத் தங்கைக்கும் கொழுந்தனாருக்கும் லிஃப்ட் ஓட்டுகிற செல்லத்துக்கும்,

நான் சௌக்கியம். வெயிலில் கறுத்திருக்கிறேன், நர்ஸ் சொல்கிறாள். உங்களுக்கெல்லாம் உடம்பு எப்படி?

உன் கடிதத்தைப் பார்த்ததும் கோபம் வந்தது. எனக்கு அடுப்பில் பாத்திரத்தை "ணங்" என்று வைக்கிற அளவுக்குக் கோபம். பிறகு யோசித்தேன். அந்தப் பொண்ணு என்னைக் கூட்டிப்போய் ஐந்து மாடியும் காட்டியிருக்கிறாள், நான் ஒரு வகுப்பைக்கூடப் பார்க்கவில்லை. அட்டையைத்தான் பார்த்திருக்கிறேன்.

திரும்பப் போனேன். படியில் ஏறினேன். விளையாட மொட்டைமாடிதான், அதுவும் கம்பி வலை போட்டு, கோழிக்கூண்டு மாதிரி. பெருக்குகிற அம்மாவிடம் பேச்சுக்கொடுத்தேன். "டீச்சர் பேரை நான் மனசுல வச்சுக்கறதில்லக்கா, வைக்கறதுக்குள்ள போயிடறாங்க" என்றாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடுகிறதாம். அப்புறம் நீ மறுபடியும் முதலிலிருந்து தேடவேண்டும். ஆபீசுக்குப் போய்ப் பெயரை எடுக்கச் சொன்னேன். "ஏன்?" என்றார்கள். "லிஃப்ட் ரொம்ப நல்லா இருக்கு, மத்தது சரியில்ல" என்றேன். வரும்போது ஒரே ஒரு தடவை அதில் இறங்கினேன். அது எனக்காக.

இப்போது கேள். மூன்றாவது பள்ளிக்கூடம் ஊரின் அந்தக் கோடி. இரண்டு பஸ் மாறணும். நல்ல மைதானம், ஓட்டுக் கட்டடம். எல்லாம் ஒரே தளம். லிஃப்டும் இல்லை, படியும் இல்லை. வாசலில் ஒரே ஒரு கொடிகூட இல்லை. ஆனால் மணி அடித்ததும் வந்தது பார், எல்லா நிறத்திலும் பிள்ளைகள். ஒருத்தன் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருத்தி முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு.

நீ கேட்டதை எல்லாம் கேட்டேன். தலைமை டீச்சரம்மா நாற்காலியைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து பதில் சொன்னாள். பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் இருக்கிறது. அவர்கள் கொடுக்கிற சான்றிதழை எங்கே போனாலும் ஏற்றுக்கொள்வார்களாம். அவள் சொன்னால் ஆயிற்றா? இங்கிருந்து போன பிள்ளைகளின் அப்பா அம்மா இரண்டு பேருடைய விலாசம் வாங்கியிருக்கிறேன், நீயே எழுதிக் கேள். வாரத்தில் ஒரு மதியம் அவரவர் வீட்டுப் பாஷைக்கு. நம் பாஷைக்கு டீச்சர் இல்லை, ஆனால் நான்கு பிள்ளைகள் சேர்ந்தால் ஆள் வைப்பார்களாம். இப்போது மூன்று பேர் இருக்கிறார்கள். மிளகு நாலாவது.

பின்பக்கத்தில் ஒரு ஆமை இருக்கிறது. அதற்குத் தீனி போடுகிற வேலை யாருக்கென்றால், புதிதாக வேறு நாட்டிலிருந்து வந்து இந்த ஊர்ப் பேச்சு தெரியாத பிள்ளைக்கு. "ஏன் அப்படி?" என்று கேட்டேன். "ஆமையும் பேசாது. ரெண்டும் சேந்து சும்மா இருக்கலாம். பேசணும்னு தோணும்போது பிள்ளை தானா எழுந்து வந்துடும், நாங்க இழுக்கறதில்ல" என்றாள் அந்த அம்மா.

நானும் ஆமை பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை எழுப்பவில்லை.

பெயர் பதிந்தாயிற்று. இந்தத் தடவை சரியாகப் பார்த்துப் பதிந்திருக்கிறேன். எந்த மாசம் வருகிறீர்கள்? மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

பெரியம்மா

*

ஜூலை 26

தங்கச்சிக்கு,

இங்கே சுகம். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. யாருக்கும் உடம்பு சரியில்லையோ என்று ஒரே யோசனையாக இருக்கிறது.

நல்ல செய்தி. அடுத்த வருஷ வகுப்பில் மிளகுக்கு இடம் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். செப்டம்பர் தொடங்குவதற்குள் நீ சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பவேண்டும். இல்லையென்றால் அடுத்து நிற்கிற பிள்ளைக்குப் போய்விடும். தாளை இத்தோடு வைத்திருக்கிறேன்.

ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போயிற்று. நான் அடிக்கடி போய் நிற்பதைப் பார்த்து அந்தப் பள்ளி பஸ் டிரைவர் என்னிடம் பேச ஆரம்பித்துவிட்டார். வண்டியில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற பொண்ணு மாசமாக இருக்கிறாளாம், வேலையை விட்டு நிற்கப் போகிறாள். "நீங்க வர்றீங்களா? எப்படியும் தினம் வர்றீங்க, வண்டியிலயே வந்தா பஸ் மாற வேண்டாம்" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னாரா நிஜமாகச் சொன்னாரா தெரியவில்லை. உன்னிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவைத்தேன்.

உடனே எழுது.

அக்கா

*

ஆகஸ்ட் 29

அக்கா,

எல்லோரும் நலம். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதாததற்கு அது காரணமில்லை.

ஐந்து தடவை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊர் ஆற்றின் மேல் பாலம் இல்லை அக்கா. அந்தப் பாலத்தை நான்தான் கட்டினேன். கம்பெனியில் அப்படி ஒரு பேச்சும் கிடையாது. இந்த வேலை முடிந்தால் இதே ஊரில் அடுத்த வேலை. நீங்கள் கதவைத் திறந்து கீழே இறங்க வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். ஒரு தடவை கேட் வரைக்கும் போனால் போதும் என்று நினைத்தேன். நீங்கள் லிஃப்டில் ஏறுவீர்கள், விலாசம் வாங்குவீர்கள், ஆமை பக்கத்தில் உட்காருவீர்கள் என்று எனக்குத் தெரியுமா?

இவருக்கு எல்லாம் தெரியும். "இப்ப அண்ணிக்கு என்ன சொல்லப் போறே?" என்று தினமும் என் முகத்தைப் பார்க்கிறார். தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், கையெழுத்து இல்லாமல்.

திட்டுங்கள். ஆனால் எழுதித் திட்டுங்கள்.

தங்கை

*

செப்டம்பர் 15

என் தங்கச்சிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டாய். முதலில் சாப்பிட்டுவிட்டு இதைப் படி.

எனக்குத் தெரியும். கொடிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வந்த அன்றைக்கே தெரியும். நீ இதுவரைக்கும் மூன்று ஊர் மாறியிருக்கிறாய். மூன்று தடவையும் முதல் கேள்வி வீடு. எத்தனை அறை, எந்தப் பக்கம் ஜன்னல், குளியலறைச் சுவரில் ஈரம் ஊறுமா, தண்ணீர் மேலே ஏறுமா. வேலை என்ன, சம்பளம் என்ன என்று கொழுந்தனார் கேட்பதற்கு முன்னாலேயே நீ வீட்டைக் கேட்பாய். இந்தத் தடவை பள்ளிக்கூடம் பற்றி இவ்வளவு எழுதினாய். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வருகிறவள் கேட்காமல் இருப்பாளா?

அப்புறம் ஏன் போனேன் என்று கேட்பாய். முதலில், உன் பொய்யைக் கெடுக்க மனசில்லை, அவ்வளவு மெனக்கெட்டிருக்கிறாய். பிறகு லிஃப்ட் வந்தது. பிறகு எனக்கே யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்பது மறந்துவிட்டது. எந்த மாசம், எந்த மாசம் என்று நான் கேட்டதெல்லாம் விளையாட்டுக்காகத்தான் ஆரம்பித்தேன். கடைசித் தடவை கேட்டது விளையாட்டில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மிளகின் இடத்தை அடுத்து நின்ற பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். இந்த ஊர்ப் பேச்சு தெரியாத ஒரு பையன், அடுத்த வருஷம் ஆமை அவன் கையில். ஆனால் பெயரை எடுக்கவில்லை. அதற்கும் அடுத்த வருஷ வரிசையில் கடைசியில் போடச் சொன்னேன். "வருவாங்களா?" என்று ஆபீசில் கேட்டார்கள். "வரிசையில நிக்கறதுக்கு என்ன கேடு" என்றேன்.

பஸ் வேலையில் சேர்ந்துவிட்டேன். டிரைவர் நிஜமாகத்தான் கேட்டிருக்கிறார். காலையில் முதல் ஆளாக நான் ஏறுகிறேன், சாயந்திரம் கடைசி ஆளாக இறங்குகிறேன். நடுவில் இருபத்தி ஒன்பது பிள்ளைகள், அதில் ஆறு பேர் வாந்தி எடுப்பார்கள். ஒருத்தி என் மடியில்தான் உட்காருவேன் என்கிறாள். பட்டன்காரரிடம் இனி மூட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவருக்கும் முழங்கால் தப்பித்தது. பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். காலையில் அவசரத்தில் ஒருச்சாய்த்துப் போக முடியவில்லை.

நீ வந்தாலும் வராவிட்டாலும் பஸ் கிளம்பிவிடும். அதனால் அழாதே. உன்னைத் திட்டவும் மாட்டேன். இதுக்கெல்லாம் திட்டினால் எனக்கு வேறு யார் பொய் சொல்வார்கள்?

மிளகுக்கு முத்தம், மூக்கைத் துடைத்துவிட்டு.

பெரியம்மா

*

டிசம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம், உங்கள் பஸ்ஸும் அதில் வாந்தி எடுக்கிறவர்களும் நலமா? பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது. இவர் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிப்போட்டு, அதற்குப் பதில் வரும்வரை நான் எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டார். புதுப் பாலம் இல்லை. பழைய பாலங்களைச் சரிபார்க்கிற பிரிவு ஒன்று உங்கள் ஊரில் இருக்கிறதாம், இவரை அதற்கு மாற்றிவிட்டார்கள். அண்ணன் செய்தது மாதிரி, அட்டையில் கையெழுத்துப் போடுகிற வேலை.

அக்கா, இரண்டு அறை போதும். சமையலறையில் ஜன்னல் இருக்கவேண்டும். ஆற்றங்கரை வேண்டவே வேண்டாம், இவர் ராத்திரியில் எழுந்து பாலம் பார்க்கப் போய்விடுவார். மாடி என்றால் தண்ணீர் ஏறுகிறதா என்று குழாயைத் திறந்து பாருங்கள். அலமாரிக் கைப்பிடி மிளகுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். வரிசையில் அவளுக்கு முன்னால் இன்னும் எத்தனை பேர் என்று தினமும் கேட்கிறாள், அதையும் எழுதுங்கள். எந்தத் தெரு என்றாலும் சரி, உங்கள் பஸ் நிற்கிற தெருவாக இருக்கவேண்டும்.

ஏப்ரலுக்குள் வேண்டும். குளியலறைச் சுவரைக் கையால் தடவிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

தங்கை